கைத்தொலைபேசி வரைபடம் கோலா தெர்லாவுக்கு வழி காட்டுமா?

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வழி கேட்கத் தெரிந்தவன் எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடுவான் என்பது அதன் பொருள். இன்று வாயைத் திறக்க வேண்டிய தேவைகூட இல்லை. விவேகக் கைத்தொலைபேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். எந்த முனையில் திரும்ப வேண்டும், இன்னும் எத்தனை நிமிடம் ஆகும், வழியில் எங்கே நெரிசல் என்பதையெல்லாம் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வருகிறது.

கோலாலம்பூரிலிருந்து தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் புறப்படும் குடும்பத்தை அந்தக் குரல் தானா ராத்தா வரை பத்திரமாகக் கொண்டு சேர்த்துவிடும். பிரிஞ்சாங், கியா பார்ம், திரிங்காப் ஆகிய இடங்களைத் தாண்டி கோலா தெர்லா வரையிலும் பெரிய சாலை ஒன்றுதான். வழி தவற வாய்ப்பு குறைவு. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெரிய சாலையை விட்டு இறங்கினால் காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் நடுவே சிறு பாதைகள் பல பிரிகின்றன. அவற்றில் எது குடியிருப்பில் போய் முடிகிறது, எது பூட்டிய இரும்புக் கதவில் போய் முடிகிறது, எது லேண்ட் ரோவர் மட்டுமே ஏறக்கூடிய மண் பாதை என்பது செயலிக்குத் தெரியாமல் போகலாம்.

திருமண வீட்டுக்கு வந்தவர்கள் என்றால் பரவாயில்லை. "கோயில் முச்சந்தியிலேயே நில்லுங்க மாமா, தம்பியை அனுப்புறேன்" என்று தொலைபேசியில் சொல்லி அழைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில், மழையில், லயன் வீடொன்றில் முதியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், வரவேண்டியது அம்புலன்ஸ் என்றால் நிலைமை வேறு. அப்போது கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆகவே, "எந்த வரைபடச் செயலி சிறந்தது?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. கோலாலம்பூருக்குச் சிறந்தது கோலா தெர்லாவுக்குச் சிறந்ததாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், தமக்கு ஏற்ற செயலியைத் தேர்ந்தெடுப்பதும், அதிலுள்ள குறையைத் திருத்துவதும் ஒவ்வொருவருக்கும் கைவரும்.

வரைபடத்தில் குறிக்கப்படாத மலை

கேமரன் மலையின் கதையே ஒரு வரைபடக் குறையில் தொடங்குகிறது. 1885-ஆம் ஆண்டில் பேராக், பகாங் எல்லைப் பகுதியை அளக்கச் சென்ற பிரிட்டிஷ் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன், மலைகளுக்கு நடுவே மென்மையான சரிவுகளையும் சமதரையையும் கொண்ட ஒரு பரப்பைக் கண்டதாகத் தெரிவித்தார். ஆனால், அந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது என்பதை அவர் வரைபடத்தில் குறித்து வைக்கவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து, 1925-இல் சர் ஜோர்ஜ் மெக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்த பிறகே மலைவாசத்தலம் அமைக்கும் பணி வேகம் பெற்றது. 1929-இல் ஜே.ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலை 1931-இல் திறக்கப்பட்டது. காட்டை வெட்டித் தேயிலை நட்டு, கொழுந்து பறித்து இந்த மலையைப் பெயர் சொல்ல வைத்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரியது.

இடம் இருந்தது, அதைக் கண்ணால் பார்த்தவரும் இருந்தார், குறிப்பு மட்டும் இல்லை. அந்த ஒரு குறையால் நாற்பது ஆண்டுகள் போயின. இன்றைய கைத்தொலைபேசி வரைபடங்களிலும் இதே கதைதான் சிறிய அளவில் நடக்கிறது. லயன் வீடுகள் இருக்கின்றன. மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். குறித்து வைக்கத்தான் ஆளில்லை.

செயலி வேறு, தகவல் வேறு

பலரும் வரைபடச் செயலியையும் வரைபடத் தகவலையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். செயலி என்பது கடையின் முகப்பு. தகவல் என்பது உள்ளே இருக்கும் சரக்கு. முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்ட சரக்கு உள்ளே இல்லையென்றால் பயனில்லை.

விண்ணிலுள்ள செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லிவிடும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எதையும் பார்ப்பதில்லை. அவை நேரக் குறிப்பை வானொலி அலையாக அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்று, தான் நிற்கும் இடத்தைக் கைத்தொலைபேசியே கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்கா 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. அதன் பிறகுதான் இந்தக் கணக்கு அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற துல்லியத்தை அடைந்தது. திறந்த வெளியில் இன்றைய கைத்தொலைபேசி ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். மலை இடுக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் அலைகள் தடுக்கப்பட்டும் பாறைகளில் பட்டுத் திரும்பியும் வருவதால் பிழை கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிபிஎஸ் கொடுப்பது இரண்டு எண்களைத்தான்: கோலா தெர்லா வட்டாரம் என்றால் ஏறக்குறைய வடக்கு 4.5 பாகை, கிழக்கு 101.4 பாகை. அந்த எண்களுக்குரிய இடத்தில் சாலை இருக்கிறதா, அதன் பெயர் என்ன, அங்கே ஆலயம் இருக்கிறதா, தமிழ்ப்பள்ளி இருக்கிறதா என்பதையெல்லாம் யாரோ ஒருவர் தகவல் களஞ்சியத்தில் எழுதியிருக்க வேண்டும். யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்பதில்தான் செயலிகளுக்கிடையிலான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

தரத்தை அளக்கும் ஐந்து கேள்விகள்

வரைபடத் தகவலின் தரத்தை எப்படி அளப்பது என்பதற்கு ஐஎஸ்ஓ 19157 என்ற அனைத்துலகத் தர நிர்ணயம் இருக்கிறது. அதன் சாரத்தை ஐந்து எளிய கேள்விகளாகச் சொல்லலாம்.

முதலாவது, முழுமை. இருக்க வேண்டியவை எல்லாம் இருக்கின்றனவா? பெரிய சாலை இருந்து, தோட்டத்து உட்சாலை இல்லையென்றால் அது முழுமையற்ற வரைபடம். இல்லாத ஒன்று இருப்பதாகக் காட்டப்பட்டாலும் அதே குறைதான். மூடப்பட்டுப் பல ஆண்டுகளான கடை இன்னும் திறந்திருப்பதாகக் காட்டுவது இந்த வகையைச் சேரும்.

இரண்டாவது, இடத் துல்லியம். இருப்பவை சரியான இடத்தில் இருக்கின்றனவா? சமவெளியில் 50 மீட்டர் தள்ளிக் குறித்தால் அடுத்த தெருவில் போய் நிற்கலாம். மலையில் அதே 50 மீட்டர், பள்ளத்தாக்கின் எதிர்க்கரையாகிவிடும். அங்கே போய்ச் சேர அரை மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, பெயரும் வகையும். தார்ச்சாலை தார்ச்சாலையாகவும், மண் பாதை மண் பாதையாகவும் குறிக்கப்பட்டுள்ளனவா? பொதுச் சாலையா, தோட்ட நிர்வாகத்தின் தனிச் சாலையா? இந்த வேறுபாடு பதியப்படவில்லையென்றால் செயலி எல்லாக் கோடுகளையும் ஒன்றாகவே எண்ணி, சிறிய காரை வழுக்கும் மண் பாதையில் அனுப்பிவிடும்.

நான்காவது, இணைப்பு. சாலைகள் உண்மையில் சேரும் இடத்தில் வரைபடத்திலும் சேர்ந்திருக்கின்றனவா? கண்ணுக்கு இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தாலும், தகவலில் அவை இணைக்கப்படவில்லையென்றால் செயலி அந்த வழியைச் சொல்லவே சொல்லாது. இடையில் இருக்கும் இரும்புக் கதவு குறிக்கப்படவில்லையென்றால், இல்லாத வழியைச் சொல்லும்.

ஐந்தாவது, காலம். தகவல் எந்த நாளில் எடுத்தது? மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும் கேமரன் மலையில் நேற்றைய தகவல் இன்றைக்கு உதவாமல் போகலாம்.

செயலிகளை இந்த ஐந்து கேள்விகளோடு அணுகினால் ஒப்பீடு தெளிவாகும்.

கூகுள் மேப்ஸ்: கடைத்தெருவின் வரைபடம்

2005-இல் தொடங்கப்பட்ட கூகுள் மேப்ஸ்தான் இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது. கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், அவற்றின் திறப்பு நேரம், தொலைபேசி எண், வாடிக்கையாளர் கருத்து ஆகியவற்றில் இதன் பலம் பெரியது. கடைக்காரர்களே தங்கள் இடத்தைப் பதிந்துகொள்கிறார்கள். வந்து போகிறவர்கள் படம் பிடித்துப் போடுகிறார்கள். ஆகவே, சுற்றுப்பயணிகள் கூடும் ஸ்ட்ராபெரி தோட்டமும் தேநீர்க் கடையும் இதில் விரைவாக இடம் பிடித்துவிடும். சுற்றுப்பயணி போகாத லயன் குடியிருப்பைப் பற்றி எழுத யாரும் வருவதில்லை. வணிகம் நடக்கும் இடத்தில் தகவல் சேர்வதும், வெறும் வாழ்க்கை நடக்கும் இடத்தில் சேராமல் போவதும் இந்த முறையின் இயல்பு.

இதில் காட்டப்படும் நெரிசல் நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சாலையில் செல்லும் கைத்தொலைபேசிகளின் வேகத்தைக் கொண்டே நெரிசல் கணக்கிடப்படுகிறது. 2020-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர், 99 கைத்தொலைபேசிகளை ஒரு சிறு தள்ளுவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டே நடந்து, வெறிச்சோடிக் கிடந்த தெருவைச் செயலியில் நெரிசல் மிகுந்த தெருவாகக் காட்டிவிட்டார். இதன் மறுபக்கம் மலைச்சாலைக்குப் பொருந்தும். கைத்தொலைபேசிகள் அதிகம் நடமாடாத, அல்லது அலைவரிசை கிடைக்காத சாலையில் நெரிசல் நிறம் காட்டப்படவில்லையென்றால், சாலை காலியாக இருக்கிறது என்று பொருளல்ல. சொல்ல ஆளில்லை என்பதே பொருள்.

வேஸ்: வாகனமோட்டிகளின் வரைபடம்

மலேசிய வாகனமோட்டிகளிடையே மிகவும் செல்வாக்குப் பெற்ற செயலி வேஸ். இஸ்ரேலில் பிறந்த இந்தச் செயலியை 2013-இல் கூகுள் வாங்கியது. இருந்தும் அது தனிச் செயலியாகவே தொடர்கிறது. சாலையில் விபத்து, பள்ளம், விழுந்த மரம், மூடப்பட்ட தடம் ஆகியவற்றை வாகனமோட்டிகளே அப்போதைக்கப்போது தெரிவிக்கிறார்கள். சாலைகளை வரைவதும் திருத்துவதும் தன்னார்வ வரைபடத் திருத்துநர்களின் பணி. ஒருவர் எந்த வட்டாரத்தில் வண்டி ஓட்டியிருக்கிறாரோ அந்த வட்டாரத்தைத் திருத்தவே பொதுவாக அவருக்கு அனுமதி கிடைக்கிறது. ஐந்தாவது கேள்வியான காலத்தில் வேஸ் முன்னிற்பதற்கு இதுவே காரணம்.

பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் கியா பார்ம் சாலையில் வாகனங்கள் நகர முடியாமல் நிற்பது பலரும் அறிந்தது. அப்போது வேஸ் நல்ல துணை. ஆனால், அது வாகனத்திற்காக மட்டுமே உருவானது. நடந்து செல்லும் வழியைக் காட்டாது. பயணத்தைத் தொடங்கும்போது இணையத் தொடர்பு கட்டாயம் தேவை. ஒரு வட்டாரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி அதில் இல்லை. நேரத்தை மிச்சப்படுத்தக் குறுக்கு வழி தேடுவது அதன் குணம். அறிமுகமில்லாத மலையில் இரவு நேரத்தில், மிச்சமாகும் ஐந்து நிமிடத்திற்காகக் குறுக்குப் பாதையில் இறங்குவது நல்லதல்ல.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்: ஊர்க்காரர் எழுதும் வரைபடம்

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், செயலியல்ல. யார் வேண்டுமானாலும் எழுதவும் திருத்தவும் எடுத்துப் பயன்படுத்தவும் கூடிய தகவல் களஞ்சியம். வரைபடங்களின் விக்கிப்பீடியா என்று இதைச் சொல்லலாம். இதை அடிப்படையாகக் கொண்டு ஓஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இயங்குகின்றன. மாநிலம் அல்லது வட்டார வாரியாக வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், இணையமே இல்லாத இடத்திலும் தேடலாம், வழி கேட்கலாம், நடைபாதையிலும் போகலாம். காட்டுப் பாதைகளைப் பொறுத்தவரை மலையேறிகள் பலர் இவற்றையே நம்புகிறார்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் தனியாகப் பதியும் வசதியும் இந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது.

குறையும் இதே முறையில்தான் இருக்கிறது. ஆர்வமுள்ள ஒருவர் வாழும் வட்டாரம் வீட்டு வாசல் வரை நுணுக்கமாக வரையப்பட்டிருக்கும். அடுத்த வட்டாரம் வெறுமையாகக் கிடக்கும். கடைகளின் தகவல், அப்போதைய நெரிசல் நிலவரம் ஆகியவற்றை இந்தச் செயலிகளிடம் கூகுள் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

ஊர்க்காரர் கூடி வரைபடம் எழுதுவது மலேசியாவுக்குப் புதிதல்ல. விவேகக் கைத்தொலைபேசி பரவுவதற்கு முன்பே, கார்மின் கருவி வைத்திருந்தவர்களுக்காக மால்சிங்மேப்ஸ், மால்ஃபிரிமேப்ஸ் ஆகிய தன்னார்வக் குழுக்கள் சாலைகளில் தாங்களே வண்டியோட்டிப் பதிந்து, இலவச வரைபடங்களைத் தயாரித்து வெளியிட்டன. 2010 ஜனவரியில் ஹைத்தி நாட்டை நிலநடுக்கம் உலுக்கியபோது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களைச் சில நாள்களிலேயே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து முடித்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, இதே களஞ்சியத்தின் மேல் அமைத்த இணைய வரைபடம் ஒன்றில் பொதுமக்களே நீர் சூழ்ந்த தெருக்களைக் குறித்தார்கள். குறிக்கப்பட்ட தெருக்கள் இரண்டாயிரத்தைத் தாண்டின.

பயன்படுத்த எளிது எது?

தகவல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன்படுத்தத் தெரியவில்லையென்றால் வீண். முதன்முறை கைத்தொலைபேசி பிடிக்கும் மூத்தவருக்குக் கூகுள் மேப்ஸ் எளிதாக இருக்கும். அதைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. வண்டியோட்டும்போது பெரிய எழுத்தில், தேவையானதை மட்டும் காட்டுவதில் வேஸ் தேர்ந்தது. ஓஸ்மேண்டில் வசதிகள் ஏராளம். அதனாலேயே தொடக்கத்தில் மிரட்டும். ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது, விளம்பரமும் கிடையாது. ஆப்பிள் கைத்தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் மேப்ஸ் உண்டு; 2023 முதல் அதிலும் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு எளிமையின் முதல் இலக்கணம், இணையம் அறுந்தாலும் செயலி கைவிடாமல் இருப்பது. கூகுள் மேப்ஸிலும் ஒரு வட்டாரத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். இணையம் இல்லாத நேரத்திலும் அது வாகன வழியைச் சொல்லும். நெரிசல் நிலவரத்தையும் நடைபாதை வழியையும் சொல்லாது. கேமரன் மலை மாவட்டத்தின் மொத்தப் பரப்பே ஏறக்குறைய 712 சதுர கிலோமீட்டர்தான். வீட்டிலிருந்து புறப்படும் முன்பே அதை முழுமையாக இறக்கி வைத்துக்கொள்வது சில நிமிட வேலை.

தேடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. மலாய் எழுத்துகளில் கோலா தெர்லாவும் கோலா திரெங்கானுவும் முதல் எட்டு எழுத்துகளில் ஒன்றே. பாதி தட்டியதும் மேலே வரும் பெயரை அவசரத்தில் தொட்டுவிட்டால், கிழக்குக் கரையிலுள்ள மாநிலத் தலைநகருக்குச் செயலி வழி சொல்லத் தொடங்கும். பெயர் முழுவதையும் தட்டி, கீழே பகாங் என்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தோட்டப் பெயர்களுக்கும் இது பொருந்தும். ஆறு என்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல் பழைய பெயர்ப் பலகையில் ஒரு விதமாகவும் புதிய பலகையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். தமிழர்கள் "மேல் டிவிஷன்", "பழைய லயன்" என்று வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பலகையிலும் இருப்பதில்லை.

தவறு நேர்ந்த இடங்கள்

வரைபடத் தவறு வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. 2012-இல் ஆப்பிள் மேப்ஸ் வெளிவந்தபோது பிழைகள் மலிந்திருந்ததால் அந்நிறுவனத்தின் தலைவர் டிம் குக் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் மில்டுரா நகரை அந்தச் செயலி ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி வறண்ட தேசியப் பூங்காவின் நடுவே காட்டியது. கடும் வெயிலில் வாகனமோட்டிகள் சிலர் அங்கே சிக்கிக்கொண்டதாக விக்டோரியா மாநிலப் போலீசார் எச்சரிக்கை விடுத்தனர்.

2024 நவம்பர் 24-இல் இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலம் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து 3 பேர் உயிரிழந்தனர். அவர்கள் கைத்தொலைபேசி காட்டிய வழியில் வந்ததாகப் போலீசார் தெரிவித்தனர். பாலம் உடைந்த செய்தி வரைபடத்தில் ஏறவில்லை. பாலத்தின் முகப்பில் தடுப்பும் இல்லை. வரைபட நிறுவனத்தின் அதிகாரியோடு பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. செயலியைத் திருத்துவது ஒரு பக்கம் இருக்க, சாலையில் தடுப்பு வைப்பதும் பலகை நடுவதும் அதிகாரிகளின் கடமை என்பதை இந்தச் சம்பவம் உணர்த்தியது.

கேமரன் மலைக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2024 ஜனவரி 26-இல் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலி பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் மியன்மார் தொழிலாளர்கள் 5 பேர் புதையுண்டு இறந்தனர். மண் சரியும் மலையில், எந்தச் சரிவின் அடியில் மனிதர்கள் தூங்குகிறார்கள், அங்கே போகும் பாதை எது என்பது வரைபடத்தில் இருக்க வேண்டிய தகவல்களில் முதன்மையானது. கடைக்கும் விடுதிக்கும் கிடைக்கும் இடம், தொழிலாளர் குடியிருப்புக்கும் கிடைக்க வேண்டும்.

குறித்து வைப்பது எப்படி?

இதற்குப் பணம் செலவில்லை. தோட்டத்து இளைஞர்கள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும்.

கூகுள் மேப்ஸில் விடுபட்ட இடத்தைச் சேர்க்கவும், தவறான தகவலைத் திருத்தவும் வசதி இருக்கிறது. அனுப்பியது பரிசீலிக்கப்பட்ட பிறகே ஏறும். சில நேரம் மறுக்கப்படும். படத்தோடு அனுப்பினால் ஏற்கப்படும் வாய்ப்பு கூடும். ஆலயம், தமிழ்ப்பள்ளி, பொது மண்டபம், சிற்றாலை போன்ற பொது இடங்களை முதலில் சேர்ப்பது நல்லது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசமாகப் பதிந்துகொண்டு, செயற்கைக்கோள் படத்தின் மேலேயே சாலையையும் கட்டடத்தையும் வரையலாம். தார்ச்சாலையா, மண் பாதையா, தனியார் சாலையா, கதவு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதலாம். ஊருக்குத் தமிழ்ப் பெயரும் கொடுக்கலாம். இந்தக் களஞ்சியத்தைப் பல நிறுவனங்கள் எடுத்துப் பயன்படுத்துவதால், ஒருமுறை எழுதியது பல செயலிகளுக்கும் போய்ச் சேர வாய்ப்புண்டு. ஆனால், மற்றொரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து இதில் நகலெடுக்கக் கூடாது. தனிமனிதர்களின் பெயரையும் வீட்டு விவரத்தையும் எந்த வரைபடத்திலும் எழுதக் கூடாது. தோட்டத்துத் தனிச் சாலைகளைப் பதியும் முன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

வரைபடம் திருந்தும்வரை காத்திருக்க முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் இன்றே அதைச் செய்துவிடலாம். வீட்டு வாசலில் நின்று, கூகுள் மேப்ஸில் தாம் நிற்கும் இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரை எழுதிக்கொண்டால், அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நுணுக்கத்தில் அந்த வாசலைக் குறிக்கும். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகலாம். அந்த எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதி, தொலைபேசிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். கூடவே, பெரிய சாலையிலிருந்து எந்த முச்சந்தியில் இறங்க வேண்டும், அங்கே இருக்கும் அடையாளம் என்ன, தோட்டக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் மலாய் மொழியில் இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். 999-க்கு அழைப்பவர் பதற்றத்தில் இருப்பார். யோசித்துச் சொல்வதைவிட, பார்த்துப் படிப்பது எளிது. அழைத்த கையோடு ஒருவர் டார்ச் விளக்குடன் முச்சந்திக்குப் போய் நிற்பதை எந்தச் செயலியும் ஈடுசெய்ய முடியாது.

எதை வைத்துக்கொள்வது?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு செயலியை மட்டும் நம்பி மலையேறுவது சரியல்ல. நெடுஞ்சாலையிலும் நெரிசலிலும் வேஸ் உதவும். கடை, மருந்தகம், விடுதி தேட கூகுள் மேப்ஸ் உதவும். இணையம் இல்லாத பள்ளத்தாக்கிலும் நடைபாதையிலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வழிச் செயலிகள் உதவும். இரண்டு செயலிகள் வெவ்வேறு வழியைக் காட்டினால், அந்த இடத்தில் தகவல் உறுதியாக இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி. அப்போது வண்டியை ஓரங்கட்டி, தேநீர்க் கடையிலோ காய்கறி ஏற்றிக்கொண்டிருப்பவரிடமோ கேட்டுவிடுவது உத்தமம்.

ஏனென்றால், செயலி சொல்லும் ஒவ்வொரு வழியும் முன்பு யாரோ ஒருவர் போய் வந்து சொன்ன வழிதான். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்ற பழமொழி இன்றும் பொய்யாகவில்லை. வழி கேட்பவருக்கு மட்டும் வாய் இருந்தால் போதாது. வழி தெரிந்த ஊர்க்காரரும் வாய் திறக்க வேண்டும். கோலா தெர்லாவின் லயன்களும் பாதைகளும் வரைபடத்தில் ஏறும் நாள், அங்கே குடியிருப்பவர்கள் அவற்றைக் குறித்து வைக்கத் தொடங்கும் நாள்தான். 1885-இல் விடுபட்ட ஒரு குறிப்புக்காக இந்த மலை நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. நெஞ்சு வலியோடு படுத்திருப்பவரால் நாற்பது நிமிடம்கூடக் காத்திருக்க முடியாது.